இரண்டாம் டிராம்போன்

கௌரிசங்கருக்கு வியாழக்கிழமை பல் வலிக்கப்போகிறது என்பது செவ்வாய்க்கிழமை காலையிலேயே முடிவாகிவிட்டது. எந்தப் பல் என்பது மட்டும்தான் பாக்கி. அலுவலகத்துக்கு வண்டி ஓட்டிக்கொண்டு போகும்போது நாக்கால் ஒவ்வொரு பல்லாகத் தொட்டுப் பார்த்து, மேல்வரிசையில் வலது பக்கம் ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். அது நல்ல பல். இதுவரை எந்த வம்புக்கும் போனதில்லை.

வேறு வழியும் இல்லை. அல் ஐன் ஊரின் தொழிற்பேட்டையான சனாயாவில் தண்ணீர் பம்பு விற்கும் அந்தக் கம்பெனியில், மேனேஜர் பத்மநாபனிடம் மாதக் கடைசியில் லீவு கேட்டவர்கள் உண்டு; வாங்கியவர்கள் இல்லை. அவரிடம் போய், ‘டிராம்போன் வாசிக்கப் போகிறேன், அரை நாள் லீவு கொடுங்கள்’ என்று சொல்வதைவிடப் பல் வலி என்பது, நேர்மையாக இல்லாவிட்டாலும், கௌரவமாக இருக்கும் என்று கௌரிசங்கருக்குப் பட்டது.

எல்லாம் திங்கட்கிழமை வந்த ஒரு போனால்.

பேசிய பெண் தன் பெயர் ஹாலிதா என்றாள். நிகழ்ச்சிகள் நடத்தும் கம்பெனி ஒன்றில் வேலை. ஐரோப்பாவிலிருந்து ஒரு சிம்பொனி இசைக்குழு வளைகுடாவில் ஊர் ஊராக வாசித்துக்கொண்டு வருகிறது. வியாழக்கிழமை அல் ஐன், அடுத்து பஹ்ரைன். அதில் இரண்டாம் டிராம்போன் வாசிக்க ஆள் இல்லை. பெரிய இசைக்குழுக்களில் இப்படி ஒரு நாற்காலி காலியாக இருந்தால் உள்ளூர்க் கலைஞர் ஒருவரை விருந்தினராக அழைப்பது வழக்கம்.

“பேஸ்புக்ல உங்க போட்டோ பார்த்தேன் சார். பார்த்ததுமே நீங்கதான்னு முடிவு பண்ணிட்டேன்.”

கௌரிசங்கருக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தப் போட்டோவைப் போட்டு வெகுநாள் ஆகிறது. அவர் தன் காருக்குள் உட்கார்ந்து டிராம்போன் வாசிக்கும் படம். வாத்தியத்தைத் தான் பிடித்திருந்த விதத்தில் ஏதோ ஒரு விசேஷம் இருப்பதாக அவருக்கே அப்போது தோன்றியிருந்தது. பன்னிரண்டு பேர் லைக் போட்டார்கள். அதில் பாதிப் பேர் கார் எந்த மாடல் என்று கேட்டிருந்தார்கள்.

ஹாலிதா கறுப்புக் கோட்டு சூட்டு இருக்கிறதா என்று விசாரித்தாள். இருந்தது. ஹோட்டல் மலைப்பக்கம் இருக்கிறது, வருகிற வழியில் மற்ற டிராம்போன்காரர்கள் இரண்டு பேரையும், ட்யூபா என்ற பெரிய பித்தளைக் குழல் ஊதுகிறவரையும் கூட்டிக்கொண்டு வர முடியுமா, வண்டியில் எத்தனை பேர் உட்காரலாம் என்றாள். ஏழு பேர் என்றார் கௌரிசங்கர்.

“அல்ஹம்துலில்லாஹ்,” என்றாள் ஹாலிதா. பிறகு குரலைச் சற்றுத் தாழ்த்திக்கொண்டு, “பித்தளை வாத்தியக்காரங்க வயலின்காரங்களோட ஒரே பஸ்ல வர மாட்டாங்க சார். அது அவங்க பழக்கம்,” என்றாள்.

இது கௌரிசங்கருக்கு மிகவும் பிடித்திருந்தது. தானும் இனிமேல் வயலின்காரர்களோடு பஸ்ஸில் போகக் கூடாது என்று நினைத்துக்கொண்டார். போனை வைத்த பிறகுதான், எப்படி வாசிப்பீர்கள் என்று அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பது உறைத்தது. பெரிய இடங்களில் அப்படியெல்லாம் கேட்டு அவமானப்படுத்த மாட்டார்கள் போலிருக்கிறது.

அவர் டிராம்போன் கற்றுக்கொண்டது திருச்சி பொன்மலையில், பள்ளிக்கூட பேண்டில். சுதந்திர தினத்துக்கும் குடியரசு தினத்துக்கும் ஊதியது போக மீதி நாட்களில் எண்ணெய் போட்டுத் துடைத்தது. கல்யாணமாகி அல் ஐனுக்கு வந்தபோது பெட்டியில் அதுவும் வந்தது. வந்த வாரமே கீழ்வீட்டு எகிப்தியர், மாடியில் யாராவது உடம்பு சரியில்லாமல் இருக்கிறார்களா என்று அக்கறையோடு விசாரித்தார். எதிர் வீட்டில் குழந்தை அழுதது. அதற்கப்புறம் கௌரிசங்கர் கட்டடத்துக்கு அடியில் பார்க்கிங்கில், காருக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, ஏசியைப் போட்டுக்கொண்டு வாசிக்கத் தொடங்கினார். அதிலும் ஒரு சங்கடம். டிராம்போனில் ஸ்லைடு என்று ஒரு குழாயை முன்னால் நீட்டி நீட்டி இழுக்க வேண்டும். சின்னக் காரில் கடைசி இரண்டு சுரங்களுக்கு ஸ்லைடு முன் கண்ணாடியில் இடித்தது. அந்த இரண்டு சுரங்களுக்காகத்தான் அவர் ஏழு பேர் உட்காரும் வண்டி வாங்கினார். நடு சீட்டில் உட்கார்ந்து முன் சீட்டுகளுக்கு இடையே நீட்டினால் ஸ்லைடு முழுசாகப் போகும். குடும்பத்தில் இரண்டே பேர்.

இந்தியப் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருக்கும் அவர் மனைவி பிரபாவதி, டிராம்போனை அதன் பெயரால் அழைத்ததே இல்லை. ‘அந்தக் குழாய்’ என்பாள். கோபம் வந்தால் ‘அந்த பிளம்பிங் சாமான்.’

விஷயத்தைச் சொன்னதும் அவள் பரீட்சைத்தாளிலிருந்து நிமிர்ந்தாள்.

“நிஜ ஆர்க்கெஸ்ட்ராவா? டிக்கெட் போட்டு?”

“ஐரோப்பா ஆர்க்கெஸ்ட்ரா. நான் கெஸ்ட்.”

“சரி, நான் வந்து கேக்கறேன். நல்லா இருந்தா அந்தக் குழாயைப் பத்தி இனிமே வாயைத் திறக்க மாட்டேன். நல்லா இல்லைன்னா அதையும் அந்த பஸ்ஸையும் வித்துட்டு ஒரு சின்னக் கார் வாங்கறோம். சம்மதமா?”

பஸ் என்று அவள் சொன்னது வண்டியை. கௌரிசங்கர் சம்மதம் என்று கம்பீரமாகச் சொல்லிவிட்டு, கீழே பார்க்கிங்குக்குப் போய், டிராம்போனை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தார். அது போய்விட்டால் தன்னிடம் பம்பு விற்பதைத் தவிர வேறொன்றும் இல்லை என்பது அவருக்குத் தெரியும்.

செவ்வாய்க்கிழமை பத்மநாபன் பல்வலியை முழுசாகக் கேட்டுக்கொண்டார். இன்றைக்கே வலிக்கிறதா, வியாழக்கிழமைதான் வலிக்குமா என்றார். டாக்டர் வியாழக்கிழமை மதியம்தான் நேரம் கொடுத்திருக்கிறார் என்று கௌரிசங்கர் சமாளித்தார்.

“சிக் லீவுன்னா சர்டிபிகேட் வேணும் கௌரி. ஹெச்.ஆர்.ல இப்ப ரொம்ப ஸ்டிரிக்ட்.”

சர்டிபிகேட்தானே, ஏதாவது ஒரு கிளினிக்கில் வாயைக் காட்டிவிட்டு வாங்கிவிடலாம் என்று கௌரிசங்கர் நிம்மதியாக வீட்டுக்குப் போனார். நிம்மதி மறுநாள் சாயங்காலம்வரை நீடித்தது. பிரபாவதி சூப்பர் மார்க்கெட்டிலிருந்து வந்து பைகளை இறக்கிவைத்தபடியே, நாகவள்ளியைப் பார்த்ததாகவும், கச்சேரிக்கு அவளும் வருவதாகவும் சொன்னாள்.

“எந்த நாகவள்ளி?”

“உங்க மேனேஜர் வீட்டு நாகவள்ளிதான். அவரையும் இழுத்துட்டு வராளாம். பக்கவாத்தியம் யாருன்னு அவர் கேட்டாராம்.”

கௌரிசங்கர் நாற்காலியில் உட்கார்ந்தார். “நான் வாசிக்கறேன்னு சொல்லிட்டியா?”

“சொல்லலை. நல்லா வாசிச்சா அப்புறமா சொல்லிக்கலாம். இல்லைன்னா யாரோ வெள்ளைக்காரர்னு விட்டுடலாம்னு இருக்கேன்.”

வேறு வழியில்லாமல் பல் விவகாரத்தைச் சொன்னார். பிரபாவதி பொய் சொன்னதற்காகக் கோபிக்கவில்லை. பொய்க்குச் சரியாக விடை வரவில்லையே என்றுதான் கோபித்தாள். மேடையில் அவரைப் பார்த்தாலும் கையில் உண்மையான சர்டிபிகேட் இருந்தால் மேனேஜரால் ஒன்றும் செய்ய முடியாது; மதியம் பல் வைத்தியம், சாயங்காலம் கச்சேரி, இரண்டுக்கும் நடுவில் எந்தச் சட்டமும் கிடையாது என்று தீர்ப்புச் சொன்னாள். கணக்கு டீச்சர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

வியாழக்கிழமை மதியம் கௌரிசங்கர் கறுப்பு சூட்டிலேயே பல் டாக்டரிடம் போனார். அங்கிருந்து நேராக ஹோட்டலுக்குப் போக வேண்டும். டாக்டர் ஸ்வாதிக்கு முப்பது வயதுக்குள் இருக்கும். வைத்தியம் எதுவும் வேண்டாம், சர்டிபிகேட் மட்டும் போதும் என்று கௌரிசங்கர் தெரிவித்ததும் அவள் சிரிக்கவில்லை. வாயைத் திறக்கச் சொன்னாள்.

“எந்தப் பல்லு வலிக்குதுன்னு சொன்னீங்க?”

தேர்ந்தெடுத்து வைத்திருந்த பல்லைக் காட்டினார். அவள் ஒரு கம்பியால் அதைத் தட்டினாள். பிறகு எக்ஸ்ரே எடுத்தாள். பிறகு திரையைத் திருப்பிக் காட்டினாள்.

“கரெக்டா சொல்லிட்டீங்க சார். வேர் முழுக்க சீழ். இத்தனை நாள் எப்படித் தாங்கினீங்க?”

கௌரிசங்கருக்கு அந்தப் பல்லைப் பற்றித் தான் வைத்திருந்த நல்ல அபிப்பிராயத்தை மாற்றிக்கொள்ள நேரம் தேவைப்பட்டது. அதற்குள் ஊசி இறங்கிவிட்டது. நாளைக்கு எடுத்துக்கொள்ளலாமே என்று அவர் சொல்ல வாயைத் திறந்தபோது, திறந்த வாய் அவளுக்கு வசதியாகப் போய்விட்டது.

“ராத்திரி வரைக்கும் உதடு மரத்திருக்கும். சூடா எதுவும் வேண்டாம். ஸ்ட்ரா போட்டு உறிஞ்சக் கூடாது. ஊதக் கூடாது.”

பஞ்சைக் கடித்தபடியே கௌரிசங்கர் கேட்டார். “ஊதக் கூதாதா?”

“எதை ஊதப் போறீங்க, பலூனா?”

சர்டிபிகேட் அழகாக வந்தது. முத்திரை, கையெழுத்து, இரண்டு நாள் ஓய்வு. பொய்யை மெய்யாக்க எவ்வளவு பாடுபட வேண்டியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டே கார் கண்ணாடியில் பார்த்தார். மேலுதடு இருந்தது, அது தன்னுடையதுதான் என்பதற்கு வேறு ஆதாரம் இல்லை. டிராம்போனில் வாய் வைக்கும் மவுத்பீஸை எடுத்து உதட்டில் வைத்து மெல்ல ஊதினார். சோடா பாட்டிலைப் பாதி திறந்ததுபோல ஒரு சத்தம் வந்தது.

ஹாலிதாவுக்குப் போன் செய்து, முடிந்தவரை வார்த்தைகளை உருட்டி, பல் பிடுங்கிவிட்டார்கள், வாசிக்க முடியுமோ முடியாதோ என்று சொன்னார். அவள் பதறிப்போனாள்.

“கண்ணு நல்லாத் தெரியுதுல்ல சார்? மயக்கம் கியக்கம் இல்லையே?”

“இல்லை.”

“கை, கால்?”

“நல்லாத்தான் இருக்கு. உதடுதான்.”

“அப்ப ஒண்ணும் பிரச்சினை இல்லை சார், கிளம்பி வந்துடுங்க. மேடையில நாற்காலி காலியா இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.”

தொழில்முறைக்காரர்கள் என்றால் இவர்கள்தான் என்று கௌரிசங்கர் வியந்தார். கண், கை, கால் என்று ஒவ்வொன்றாகக் கேட்டிருக்கிறாள். டிராம்போனுக்குக் கால் எதற்கு என்று யோசித்தார். தாளம் போட வேண்டுமே.

ஹோட்டல் வாசலில் மூன்று பேரும் கறுப்பு சூட்டில் நின்றிருந்தார்கள். முதல் டிராம்போன் யானோஷ் என்ற ஹங்கேரிக்காரர், வெள்ளைத் தாடி. அடுத்தவர் ஒல்லியாக, மூன்றாம் டிராம்போன். ட்யூபாக்காரரும் அவருடைய ட்யூபாவும் ஏறக்குறைய ஒரே உருவம். யானோஷ் தானாகவே முன் சீட்டில் ஏறி கௌரிசங்கரின் பக்கத்தில் உட்கார்ந்தார். முதல் டிராம்போன் இரண்டாம் டிராம்போனைப் பக்கத்தில் வைத்துக்கொள்வதுதானே முறை. பல் விஷயத்தை கௌரிசங்கர் சைகையில் விளக்கியபோது, யானோஷ் அவர் தோளைத் தட்டி, “ரிலாக்ஸ்,” என்றார். பிறகு சீட் பெல்ட்டைப் போட்டுக்கொண்டார்.

ஊருக்குள் நுழைகிற ரவுண்டானாவில் போலீஸ்காரர் கை காட்டி நிறுத்தினார். ஏதோ சைக்கிள் பந்தயம். அரங்கத்துக்குப் போகிற சாலை மூடியிருந்தது. யானோஷ் கடிகாரத்தைப் பார்த்தார். ட்யூபாக்காரர் அவர் மொழியில் என்னவோ சொன்னார். அது வாழ்த்து இல்லை என்பது மட்டும் தெரிந்தது. கௌரிசங்கர் வண்டியைத் திருப்பினார். சனாயாவின் சந்துகள் அவருக்கு அத்துப்படி. டயர் கடைகளுக்கும் கராஜ்களுக்கும் நடுவில் புகுந்து, கான்கிரீட் கலவை லாரி ஒன்றை இடது பக்கமாக முந்தி, லேபர் கேம்ப் ஒன்றின் பின்புறமாக வந்தால் பாதி தூரம் மிச்சம். வந்தார். அந்தப் பாதை தன் கம்பெனி வாசல் வழியாகப் போகிறது என்பது, வாசலுக்கு எதிரில் ஒரு டிரைலர் பின்னோக்கி வந்து வழியை அடைத்து நின்றபோதுதான் நினைவுக்கு வந்தது.

வாசலில் பத்மநாபன் நின்றிருந்தார். நாகவள்ளி காரை எடுத்துக்கொண்டு பிரபாவதியோடு முன்னாலேயே போய்விட்டாள். அவர் டாக்சிக்காகக் காத்திருந்தார். சனாயாவில் அந்த நேரத்துக்கு டாக்சி மாஃபி, கிடைக்கவே கிடைக்காது. வந்து நின்றது கௌரிசங்கரின் வண்டி. அவர் வந்து கண்ணாடியைத் தட்டினார்.

“பல்லு என்ன ஆச்சு கௌரி?”

கௌரிசங்கர் வாயைத் திறந்து ரத்தப் பஞ்சைக் காட்டினார். அந்த வாரத்தில் அவர் மேனேஜருக்குக் காட்டிய முதல் உண்மை அதுதான்.

“பல்லு புடுங்கக் கோட்டு போட்டுக்கிட்டா போனீங்க?”

“ம்ம்.”

“இவங்கள்லாம் யாரு?”

“ம்ம்ம்.”

ட்யூபாக்காரர் இவரும் ஏற்றிக்கொள்ள வேண்டிய ஆள் என்று எடுத்துக்கொண்டார். கதவைத் திறந்து, நகர்ந்து இடம் விட்டு, உட்கார்ந்தவர் மடியில் ட்யூபாவை வைத்தார். மேனேஜருக்கு வேண்டாமென்று சொல்ல நேரமில்லை, டிரைலர் விலகிவிட்டது. கண்ணாடியில் பார்த்தால் பத்மநாபனின் முகம் தெரியவில்லை, பித்தளைதான் தெரிந்தது. அதற்குள்ளிருந்து குரல் மட்டும் முழக்கமாக வந்தது.

“நாளைக்குக் காலைல வந்ததும் என் ரூமுக்கு வாங்க.”

அரங்கத்தில் கடைசி நிமிட ஒத்திகை முடிகிற நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். இசைக்குழுவின் நடத்துனர் தடியை வைத்துவிட்டுக் காபி குடிக்கப் போய்க்கொண்டிருந்தார். நம் பகுதியை ஒரு தடவை பார்க்க வேண்டாமா என்று கௌரிசங்கர் தடுமாறிக் கேட்டதற்கு, இதை நூறு முறைக்கு மேல் வாசித்தாயிற்று என்றார் யானோஷ். நான் வாசித்ததில்லையே என்று கௌரிசங்கர் சொன்னது மரத்த உதட்டைத் தாண்டி வெளியே போகவில்லை.

மேடையில் நாற்காலிகளைச் சரிசெய்துகொண்டிருந்தவர் ஆரிப் என்ற தொண்டிக்காரர், ஹாலிதாவின் கம்பெனி ஆள். கௌரிசங்கருக்கு அவருடைய இடத்தைக் காட்டினார். பிறகு இரண்டாம் டிராம்போனின் இசைத்தாளில் இன்னொரு பிரதியை எடுத்துக்கொண்டு போய், அவர்களுக்கு முந்தின வரிசையில், டிராம்போன் போலவே பித்தளை வாத்தியமான ஹார்ன் வாசிப்பவரின் ஸ்டாண்டில் வைத்தார்.

“அது எங்களோதது,” என்றார் கௌரிசங்கர்.

“ஆமா சார். அங்கயும் ஒண்ணு வைக்கணும். எப்பவும் வைக்கிறதுதான்.”

காற்றில் பறந்துவிட்டால் உதவுமென்று இப்படி முன்னேற்பாடு செய்கிறார்கள். ஜெர்மன்காரர்கள் கார் செய்வதும் இப்படித்தான் என்று கௌரிசங்கர் எண்ணிக்கொண்டார்.

சிம்பொனி தொடங்கியது. நான்கு பாகம். டிராம்போன்களுக்கு முதல் மூன்று பாகங்களில் வேலையே இல்லை. எழுதினவர் என்ன காரணத்தாலோ அவர்களைக் கடைசிப் பாகத்துக்கென்று சேர்த்துவைத்திருந்தார். வயலின்காரர்கள் வியர்த்து வழிய, யானோஷும் ஒல்லிக்காரரும் கைகளை மடியில் வைத்துக்கொண்டு கூரையைப் பார்த்தார்கள். கௌரிசங்கர் மூன்றாவது வரிசையில் பிரபாவதியைப் பார்த்தார். அவள் முகத்தில் பரீட்சைத்தாள் திருத்தும்போது இருக்கும் அமைதி. அவளுக்கு அந்தப் பக்கம் நாகவள்ளி, அதற்கு அந்தப் பக்கம் பத்மநாபன். கோட்டில் ட்யூபா எண்ணெய்.

இணையத்தில் படித்துவைத்திருந்த நாகரிகங்களை கௌரிசங்கர் நினைவுபடுத்திக்கொண்டார். பக்கத்தில் இருப்பவர் தப்பாக வாசித்தால் திரும்பிப் பார்க்கவே கூடாது. பிரமாதமாக வாசித்தால், கையில் வாத்தியம் இருப்பதால் கை தட்ட முடியாது. தரையில் பாதங்களை மெல்லத் தேய்க்க வேண்டும். அதுதான் அந்த உலகத்தில் ஒருவருக்குக் கிடைக்கக்கூடிய பெரிய மரியாதை. தனக்கு இன்று முதலாவது மரியாதைதான் கிடைக்கும் என்று அவருக்கு உறுதியாகிவிட்டது. எல்லோரும் திரும்பிப் பார்க்காமல் இருப்பார்கள்.

நாலாவது பாகம் வந்தது. பெரிய புயல்போல எல்லா வாத்தியங்களும் எழும்பி அடங்கின. யானோஷ் டிராம்போனைத் தூக்கினார். கௌரிசங்கரும் தூக்கினார். மூன்று டிராம்போன்கள் மட்டும் சேர்ந்து, மெதுவாக, கோயில் மணிச் சத்தம் கரைவதுபோல வாசிக்க வேண்டிய இடம். மேல் சுரம் யானோஷ், கீழ் சுரம் ஒல்லிக்காரர். நடுவில் இருப்பது கௌரிசங்கர். நடு சுரம் இல்லாவிட்டால் அது கூரையில்லாத வீடு என்பது பொன்மலை பேண்டுக்கே தெரியும்.

மவுத்பீஸ் உதட்டில் பட்டதா, மூக்கில் பட்டதா என்று தெரியவில்லை. ஊதினாரா என்று கேட்டால், ஊதுவதாக நினைத்தார். ஸ்லைடைச் சரியான இடங்களுக்குக் கொண்டுபோனார். கண்களை மூடிக்கொண்டார்.

நடு சுரம் கேட்டது.

வட்டமாக, கனிவாக, ஒரு பிசிறு இல்லாமல். அவருடைய வாழ்நாளில் அப்படி ஒரு சுரம் அவர் டிராம்போனிலிருந்து வந்ததில்லை. வந்தது எங்கிருந்து என்று அவருக்கு நிச்சயமாகச் சொல்லத் தெரியவில்லை. தன் காதுக்குப் பக்கத்திலிருந்து வந்ததுபோலவும் இருந்தது, கொஞ்சம் முன்னாலிருந்து வந்ததுபோலவும் இருந்தது. ஆனால் அவர் ஸ்லைடை நகர்த்தும்போதெல்லாம் அதுவும் நகர்ந்தது. இத்தனை வருஷமாகத் தன் வாசிப்பைக் கெடுத்துக்கொண்டிருந்தது அந்த உதடுதான், அது குறுக்கே வராமல் இருந்தால் இப்படித்தான் வரும் என்று கௌரிசங்கருக்கு அந்தக் கணத்தில் புரிந்தது. டாக்டர் ஸ்வாதிக்கு மானசீகமாக நன்றி சொன்னார்.

முடிந்ததும் கைதட்டல் நிற்கவில்லை. நடத்துனர் பித்தளைப் பகுதியை எழுந்து நிற்கச் சொன்னார். மறுபடி உட்காரும்போது கௌரிசங்கரின் காதில் ஒரு சத்தம் விழுந்தது. சர், சர், சர். குனிந்து பார்த்தார். யானோஷின் கறுப்பு ஷூ தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தது. ஒல்லிக்காரரின் ஷூவும். ட்யூபாக்காரரின் பெரிய ஷூவும். மூன்று பேரும் அவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே தேய்த்தார்கள். யானோஷ் கையைப் பிடித்துக் குலுக்கி, “நீங்கள் இல்லாவிட்டால் இன்றைக்கு நாங்கள் இல்லை,” என்றார் ஆங்கிலத்தில். பஹ்ரைனுக்கும் வர முடியுமா, அங்கிருந்து பாலம் தாண்டி சவூதியிலும் ஒரு நிகழ்ச்சி இருக்கிறது என்றார். கௌரிசங்கர் இரண்டு கையாலும் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

அரங்கத்தின் பின்வாசலில் வண்டிக்குப் பக்கத்தில் பிரபாவதி நின்றிருந்தாள், மேனேஜர் தம்பதியோடு. பத்மநாபன்தான் முதலில் வந்தார். நாளைக் காலையை இப்போதே வைத்துக்கொள்ளப் போகிறார் என்று கௌரிசங்கர் சர்டிபிகேட்டுக்காகப் பையைத் துழாவினார்.

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே கௌரி. முக்கால் மணி நேரம் பாத்தேன். அத்தனை பேரும் மாடு மாதிரி வேலை செய்யறாங்க, நீங்க மட்டும் கையைக் கட்டிக்கிட்டு உக்காந்து பாத்துக்கிட்டிருந்தீங்க. சூப்பர்வைசர்னு அப்பவே நாகாகிட்ட சொல்லிட்டேன். கடைசில கொஞ்சம் செஞ்சு காட்டினீங்க பாருங்க, அதான் மேனேஜ்மென்ட்.”

காலையில் ரூமுக்கு வர வேண்டாம், ஓய்வெடுங்கள் என்று சொல்லிவிட்டு, ட்யூபா இருக்கும் வண்டியில் மறுபடி ஏற விருப்பமில்லாதவராய் அவர் தன் காரை நோக்கி நகர்ந்தார்.

பிரபாவதி பக்கத்தில் வந்தாள். டிராம்போன் பெட்டியைத் தொட்டுப் பார்த்தாள்.

“அந்த மூணு பேர் மட்டும் வாசிச்சீங்களே, மெதுவா. நடுவுல வந்தது நீங்களா?”

கௌரிசங்கர் தலையசைத்தார்.

“எனக்கு என்னவோ மாதிரி ஆயிடுச்சுங்க.” அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் செய்த எதற்கும் அவள் முழு மதிப்பெண் போட்டதில்லை. “டிராம்போனை விக்க வேண்டாம். இனிமே பார்க்கிங்ல ஒளிஞ்சு வாசிக்கவும் வேண்டாம். ஹால்லயே வாசிங்க. கீழ்வீட்டுக்காரர்கிட்ட நான் பேசிக்கறேன்.”

டிராம்போன் என்று சொல்லிவிட்டாள். கௌரிசங்கருக்குப் பஞ்சை விழுங்கிவிடுவோமோ என்று பயமாக இருந்தது.

“அப்புறம் இந்த பஸ் எதுக்குங்க நமக்கு? இதை மட்டும் வித்துட்டு, சின்னதா ஒண்ணு வாங்கிக்கலாம்.”

சரி என்று தலையசைத்தார். அந்த நேரத்தில் அவள் எதைச் சொல்லியிருந்தாலும் தலையசைத்திருப்பார். பின்கதவைத் திறந்து ட்யூபாவை உள்ளே வைத்துக்கொண்டிருந்த ஆரிப், அதை அப்படியே பாதியில் நிறுத்திவிட்டு, பதற்றத்தோடு பிரபாவதியின் பக்கம் திரும்பினார்.

“வண்டியை மட்டும் வித்துடாதீங்க மேடம், போன வருஷம் ஓட்ட வந்த டிரைவரையே மேடையில காலி நாற்காலியில உக்கார வச்சோம், அவர் அந்தக் குழாயைத் தலைகீழாப் பிடிச்சு மானத்தை வாங்கிட்டாரு, அதனாலதான் இந்த வருஷம் பெரிய வண்டி வச்சிருக்கிறவங்கள்ல அதைப் பிடிக்கவாவது தெரிஞ்ச ஒருத்தரைத் தேடித் தேடி சாரைக் கண்டுபிடிச்சோம்.”